'யூனியன்' என்ற சொல்லைப் பிரித்தால்

பாடநூலில் உள்ள முன்னொட்டு, பின்னொட்டுப் பயிற்சிகளை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்து சரியாகவே நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் முன்பின் படிக்காத பத்தி ஒன்றில் புதிய சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மிஸ், மீனிங் சொல்லுங்க" என்கிறார்கள்.

ஜெயங்கொண்டம் பகுதியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் நான், ஊரில் புழங்கும் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன். 'யூனியன் ஆபீஸ்' தெரியாத பிள்ளை இங்கே இல்லை. அதைத் தமிழில் ஒன்றிய அலுவலகம் என்கிறோம். 'ஒன்று' ஒன்றியமானதுபோல, ஒன்று எனப் பொருள்படும் 'ஊனுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே யூனியன். இதைச் சொன்னதும் அவர்கள் தங்கள் சட்டையைப் பார்க்கிறார்கள். யூனிஃபார்ம் என்றால் ஒரே வடிவம். யூனிட், யுனிக், யுனிவர்ஸ் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

பகுபத உறுப்பிலக்கணம் படித்த மாணவருக்குச் சொல்லைப் பிரிப்பது புதிதல்ல. 'படித்தான்' என்பதைப் படி+த்+த்+ஆன் என்று பிரிக்கிறவர் ஆங்கிலத்தில் தடுமாறக் காரணம் உண்டு. தமிழில் பகுதி முதலில் நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு முன்னாலும் ஓர் உறுப்பு ஒட்டிக்கொள்ளும். வடமொழி வழியாக நமக்கு வந்த நீதி–அநீதி, சுத்தம்–அசுத்தம் ஆகியவற்றைக் காட்டினால் இந்தத் தடை நீங்குகிறது.

மறுப்புப் பொருள் தரும் 'இன்' என்ற முன்னொட்டுக்கு நான் இரண்டு பாடவேளை ஒதுக்குகிறேன். பாசிபிள் என்பதோடு சேர்ந்தால் இம்பாசிபிள், லீகல் என்பதோடு இல்லீகல், ரெகுலர் என்பதோடு இர்ரெகுலர். நான்கு முன்னொட்டுகளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பொன்+குடம் பொற்குடமாவதுபோல, வரும் ஒலிக்கேற்ப நிற்கும் ஒலி திரிகிறது. தமிழாசிரியரும் நானும் ஒரே வாரத்தில் இதை நடத்தினால் இரண்டு பாடத்துக்கும் பயன் கிடைக்கிறது.

இதே 'இன்' உள்ளே என்றும் பொருள்படும் என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். டேங்கர் லாரியின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதை "தீப்பிடிக்காது" என்று வாசிப்பவர்கள் உண்டு. அதன் பொருள் எளிதில் தீப்பற்றும் என்பதே. அரைகுறையாகக் கற்ற முன்னொட்டு இங்கே ஆபத்தாகவே முடியும். இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் எச்சரிக்கைப் பலகைகளில் இப்போது 'ஃப்ளேமபிள்' என்று போடுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

நம் மாவட்டத்துச் சொற்களே ஒரு பாடத்துக்குப் போதும். 'சிமெண்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு வெட்டியெடுத்த கல்துண்டு என்று பொருள். 'லிக்னைட்' என்பதில் இருப்பது மரக்கட்டையைக் குறிக்கும் 'லிக்னும்'. நிலக்கரித் திட்டத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அது மண்ணுக்குள் மக்கிய தாவரம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. 'ஃபாசில்' என்றால் தோண்டி எடுத்தது. தமிழில் புதைபடிவம் என்கிறோம். நாம் புதைந்ததைப் பார்த்தோம், அவர்கள் தோண்டியதைப் பார்த்தார்கள்! வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள் 'கிரிட்டேஷியஸ்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் வேர் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் 'கிரேட்டா'.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். ரீசார்ஜ், ரீப்ளே போன்ற சொற்களில் வரும் 'ரீ' ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். 'அங்கிள்' என்பதிலும் 'அன்' என்ற முன்னொட்டைக் கண்டுபிடிப்பார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதற்குப் பொருள் உண்டா என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

உயர்நிலை மாணவர்கள் நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். சுமத்தல் என்னும் பொருள் தரும் 'போர்ட்' பக்கத்தில் போர்ட்டர், டிரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் 'ஏர்போர்ட்'டையும் எழுதியிருந்தாள். அந்தப் 'போர்ட்' துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அகராதியைக் கொடுத்து அவளையே தேடச் சொன்னேன். ஏர்போர்ட்டுக்கு இப்போது அவள் நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது.