கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள்

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஹைட்ராலிக்ஸ் தொழில் மட்டும் ஓய்ந்தபாடில்லை. பி.இ.எம்.எல். ஆலையில் புல்டோசருக்கும் எக்ஸ்கவேட்டருக்குமான ஹைட்ராலிக் பாகங்கள் தயாராகின்றன. மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரு போகிறவர்களில் விமானப் பாகப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் தினமும் கையாளும் சின்னஞ்சிறு பொருள் ஒன்று இருக்கிறது: பேக்-அப் ரிங்.

சிலிண்டருக்குள் எண்ணெயை அடைத்து வைப்பது ஓ-ரிங். அது ரப்பர். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் ஹைட்ராலிக் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ.; ஏர்பஸ் ஏ380, போயிங் 787 விமானங்களில் 5,000. அந்த அழுத்தத்தில் ரப்பர் பிசைந்த மாவு போல நெகிழ்ந்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளிக்குள் புகுந்துவிடும். பிஸ்டன் ஒவ்வொரு முறை நகரும்போதும் புகுந்த விளிம்பு கடிபட்டுப் பிய்யும். இதைத் தடுக்கத்தான் ஓ-ரிங்குக்குப் பக்கத்தில், பெரும்பாலும் டெஃப்லானில் செய்த கெட்டியான வளையம் ஒன்றைப் போடுகிறார்கள். அது எண்ணெயை அடைப்பதில்லை; இடைவெளியை மூடி ரப்பரைத் தாங்கிப் பிடிக்கிறது. சாதாரண ரப்பர் ஓ-ரிங் என்றால் சுமார் 1,500 பி.எஸ்.ஐ.க்கு மேல் இந்தத் துணை வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு.

ஓ-ரிங் என்றதும் 1986-இல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தைச் சொல்வார்கள். அங்கே ரப்பரை விறைக்க வைத்தது குளிர். நம் பட்டறைகளில் நடக்கும் தவறு அவ்வளவு பிரமாண்டமானது அல்ல. பேக்-அப் ரிங்கை அழுத்தம் வரும் பக்கத்திலேயே போட்டுவிடுவது. இருபுறமும் அழுத்தம் மாறிமாறி வரும் சிலிண்டரில் ஒரு பக்கம் மட்டும் போடுவது. ஒரு முகம் குழிந்த வளையத்தைத் திருப்பிப் போடுவது (குழிந்த முகம் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும்). ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, வளையம் உட்காரும் பள்ளத்தில் கீறல் போடுவது. இன்னொன்று, எண்ணெய்க்குப் பொருந்தாத ரப்பர். சிவப்பு மினரல் ஆயிலுக்கான நைட்ரைல் ரப்பரை ஸ்கைட்ரால் என்ற விமான ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் இடத்தில் போட்டால் ஊதிக் கெட்டுவிடும். பேக்-அப் ரிங் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்த ரப்பரைக் காப்பாற்றாது.

விளைவு முதலில் ஊசிமுனை அளவு கசிவு. துளை கண்ணுக்குத் தெரியாது, லேசான பனிமூட்டம் போல மட்டும் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விரலை வைக்கிறோம். அங்கேதான் ஆபத்து. 100 பி.எஸ்.ஐ. அளவிலேயே எண்ணெய் தோலைத் துளைக்கும் என்கிறது மருத்துவம். இங்கே இருப்பது அதைப்போல் முப்பது மடங்கு. கையுறை காப்பாற்றாது. விரலில் சிறு புள்ளி தெரியும், வலியும் அதிகம் இருக்காது. "முள்ளு குத்தின மாதிரிதான்" என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே எண்ணெய் தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும், திசு அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரலாம்.

ஆகவே ஆஸ்பத்திரியில் "விரலில் குத்திவிட்டது" என்று சொல்லாதீர்கள். "அதிக அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது" என்று சொல்லுங்கள்; என்ன எண்ணெய், எத்தனை அழுத்தம், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். டி.டி. ஊசி போட்டுத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். கை அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். கோலார் டமகாவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெங்களூரு ராஜாஜிநகரில் இ.எஸ்.ஐ. பெரிய மருத்துவமனை இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவதுதான் கையை இழக்கும் வழி.

கசிவைத் தேடக் கார்ட்போர்டு அட்டை போதும். கசிந்த இடத்தில் கை வைப்பதற்கு முன் பம்பை நிறுத்துங்கள்; நிறுத்தினாலும் அக்யூமுலேட்டரில் நைட்ரஜன் தள்ளிக்கொண்டிருக்கும் எண்ணெய் அழுத்தம் மிச்சமிருக்கும், அதையும் இறக்குங்கள். டெஃப்லான் தூள் ஒட்டிய கையோடு பீடி பற்ற வைக்காதீர்கள். கங்கில் எரிந்த டெஃப்லான் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் தங்கவயலில் குறைவு. மெல்லக் கொல்லும் நோயை அறிந்த ஊருக்கு ஒரு நொடியில் நடக்கும் இந்தக் காயத்தின் நட்டஈடு தெரியாமல் இருப்பது வருத்தம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் உண்டு. பணியில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தால், பயனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதவைப்பது. சூப்பர்வைசர் "சின்னக் காயம்தானே, எதுக்கு எழுதணும்" என்பார். எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில்லாத ஏற்பாடு பற்றிக் கர்நாடகத் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறைக்குப் புகார் எழுதலாம். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்கள் முதலாளியிடமே நட்டஈடு கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.