ஐப்பசியில் கதவைச் சீவ வேண்டாம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை 48.4 செ.மீ. அது போதாதென்று சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை கரைபுரண்டது. பாகூர் கொம்யூனில் ஆற்றை ஒட்டிய சோரியாங்குப்பம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அந்தப் பணத்தில் நல்ல மரத்தில் ஒரு வாசல் கதவு வாங்க முடியாது. வெள்ளம் பார்த்த கதவை உடனே தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவே முதல் காரணம்.

மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் உப்பும். நீளத்தில் அநேகமாக மாறாது. நம் பழைய தச்சர்களுக்கு இது அத்துப்படி. சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் பலகையைப் பசையோ ஆணியோ இல்லாமல் செருகிவிடுவார்கள். மழையில் பலகை உப்பினாலும் காடிக்குள்ளேயே அசைந்துகொள்ளும், சட்டம் பிளக்காது. வில்லியனூர்த் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கும் திண்ணை வீட்டுக் கதவுகள் பல தலைமுறை தாங்கியதற்கு மரத்தின் தரம் பாதிக் காரணம் என்றால், இந்தக் காடி மீதிக் காரணம்.

அப்படிப்பட்ட கதவு ஐப்பசி, கார்த்திகையில் இறுகினால் இழைப்புளியை எடுக்காதீர்கள். அப்போது சீவினால் சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி விழும். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். தை, மாசி வந்த பிறகும் உரசினால் மட்டும் சீவலாம்.

ஃபிளஷ் கதவின் கதை வேறு. அடியில் தண்ணீர் ஏறி, மேல் பிளை உரிந்து வயிறு தள்ளிவிட்டால் அதை மீட்க வழியில்லை. மாற்றத்தான் வேண்டும். உள் அறைகளுக்குப் புதிதாக வாங்கும்போது ஐஎஸ் 2202 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக்கு பிவிசி போதும். வாசலுக்கு மட்டும், கையில் கொஞ்சம் இருந்தால், மரத்தை விடாதீர்கள். பழைய மரக்கடையில் நன்றாக உலர்ந்த, தேறிய கதவு கிடைக்கும். பச்சை மரத்தில் புதிதாகச் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கழற்றிய கதவின் அடி விளிம்பைக் கவனித்திருக்கிறீர்களா? முகப்பில் இரண்டு, மூன்று கோட் பெயிண்ட் பளபளக்கும். அடியிலோ ரம்பம் பட்ட நாளில் இருந்தபடியே வெளுத்து, நார் நாராக நிற்கும். சட்டத்தின் வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் இடமும் அதுதான். கதவை மாட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது. ஆகவே மாட்டுவதற்கு முன்பே, தச்சர் முன்னால் நின்று, மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பிரைமரும் பெயிண்டும் அடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் சொல்லாமல் விடும் வீடுகள்தான் அதிகம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பழைய நிலையில் புதுக் கதவு மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகாவிட்டால் நிலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த கதவை மாட்டினாலும் உரசத்தான் செய்யும். கனமான கதவுக்கு நான்கு கீல் போடுவது நல்லது. இழுவை பெரும்பாலும் மேல் கீலில்தான் விழும்.

நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திய நிலையைப் பெயர்க்கப் பலருக்கும் மனம் வராது. பெரும்பாலும் பெயர்க்கத் தேவையும் இருக்காது. சுத்தியல் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கரையான் தின்ற இடம் பொத்தென்று கேட்கும். கால் பகுதி மட்டும் போயிருந்தால் அந்த அளவுக்கு அறுத்து, உலர்ந்த மரத்தில் புதுக்கால் பொருத்தி, கரையான் மருந்து அடித்து நிறுத்தலாம். சத்தம் தோள் உயரத்துக்கு மேலும் பொத்தென்றே வந்தால் நிலையையும் சேர்த்து மாற்றுங்கள்.

அடுத்த வாரம் ஜன்னல்.

(தொடரும்)