வீட்டுக் கோழியும் நோயாளியின் நுரையீரலும்

“கோழிகளை விற்றுவிட வேண்டுமா, டாக்டர்?” மாடம்பாக்கம், பெருங்களத்தூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2021-ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. நேற்றுவரை பேரூராட்சியாக இருந்த தெருக்களில் பஞ்சாரம் கவிழ்த்த முற்றங்கள் இன்றும் உண்டு. அடுத்த மனையிலோ அடுக்ககம் எழுந்துவிட்டது. புகார்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

நாற்றம், ஈ, எச்சம் ஆகியவற்றால் அக்கம்பக்கத்தாரின் உடல்நலம் கெடுமானால் அது பொதுத்தொல்லை ஆகும். அத்தகைய தொழிலை அகற்றவோ ஒழுங்குபடுத்தவோ ஆணையிடும் அதிகாரத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு செயல்துறை நடுவருக்கு அளிக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியளவு 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. சேவலுக்கு இது தெரியாது. எனவே கூடு அமைக்குமுன் மண்டல அலுவலகத்தின் சுகாதார ஆய்வாளரையும், அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்தையும் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் கவலை வேறு. கோழியின் இறகுத் தூசியும் உலர்ந்த எச்சமும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குகின்றன. கூட்டைப் பெருக்கிய சில மணி நேரத்தில் இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் தோன்றும், மறுநாள் தணியும். வெளியூர் சென்று சில நாள் தங்கினால் நலமாகிவிடும். வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கும். இந்த ஒழுங்கைக் கவனியாமல் ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ எண்ணி ஆண்டுகளைக் கழித்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டால் அதை எந்த மருந்தாலும் அழிக்க இயலாது. இந்நோய் உறுதியானவர்களின் வீட்டில் மட்டும், கோழிகளை அகற்றிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்கிறோம். அவற்றின் முட்டையை விற்றுக் குடும்பம் நடத்துவோரிடம் அதைச் சொல்வது எளிதன்று. உறவினர் வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று சேர்ந்தே யோசிக்கிறோம்.

மற்றவர்கள் விற்க வேண்டியதில்லை. ஆயினும் ஸ்டீராய்டு உட்கொள்வோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்பு மாற்றம் பெற்றோர், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் கூட்டைத் தொடலாகாது. பெருக்குபவர் முதலில் நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். உடல் தேறும் என்று நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் சால்மோனெல்லா கிருமி அவ்வழியே நோயாளியைச் சேரலாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் வெறுங்கையால் தொடாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். அதன்பின் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், கோழிகள் இறந்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பெரும்பாலோர் நாங்கள் கேட்ட பிறகே இதைச் சொல்கிறார்கள்.