குறுக்கமும் சுவையும்

பண்டிகை நாட்கள் அண்மிக்கும்போது மட்டக்களப்பு வாவியோரத்துச் சமையலறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். தாய்மார் கோதுமை மாவைத் துணியில் முடிந்து நீராவியில் அவித்து, அரிதட்டில் அரித்தெடுத்து, அதன் பின்னரே முறுக்குக்குக் குழைப்பர். பச்சை மாவை அப்படியே குழைத்தால் ஆகாதோ என மாணாக்கர் சிலர் எம்மை வினவியதுண்டு.

பச்சைக் கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்தால், அதிலுள்ள புரதங்கள் 'குளூட்டன்' என்னும் நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டி மா இழுக்க இழுக்க நீள்வதும், பாண் உப்புவதும் இவ்விழைகளாலேயே. முறுக்குக்கோ அவை பகை. அவிக்கும் வெப்பம் அவ்விழை பின்னும் ஆற்றலைக் குன்றச் செய்கிறது. பிஸ்கற் சுடுவோர் அதே பயனை வெண்ணெயாலும் மாஜரினாலும் பெறுவர். கொழுப்பு மாத்துகளைப் போர்த்து நீரைத் தடுக்க, இழைகள் குறுகிப் பண்டம் பொருபொருவென நொறுங்குகிறது. இக்கொழுப்புக்கு ஆங்கிலர் இட்ட பெயர் 'ஷார்ட்டனிங்'. குறுக்குவது என்பதே அதன் பொருள்.

நம் இலக்கணத்திலும் குறுக்கம் உண்டு. 'நாடு' என்பதன் ஈற்று உகரம் ஒரு மாத்திரையினின்று அரை மாத்திரையாய்க் குறுகும். அதனைக் குற்றியலுகரம் என்பர். 'எங்கே' என்னுஞ் சொல் தொடர்ந்து வரின் அவ்வுகரம் இடம் விட்டு நீங்க, 'நாடெங்கே' என இரு சொல்லும் ஒன்றாகின்றன. மாவிற் குறுக்கம் பிரிக்கிறது; மொழியிற் குறுக்கம் சேர்க்கிறது! 'அருமருந்தன்ன பிள்ளை' என்பது 'அருமந்த பிள்ளை' என மருவியது. இத்தகைய மரூஉச் சொற்களை நன்னூலாரும் இயல்பு வழக்கிலேயே சேர்த்தார். ஆகவே, குறுகியதெல்லாம் சிதைந்தது என்று மாணாக்கரைக் கடிதல் பொருந்தாது.

எனினும், அளவு வேண்டும். கொழுப்பு மிகுந்த பிஸ்கற் வாய்க்கு எட்டுமுன் கையிலேயே உதிர்ந்துவிடும். மட்டக்களப்பு என்பதை நாம் இன்று 'மட்டு' எனச் சுருக்கி எழுதுகிறோம். எழுதுவதற்கு எளிதுதான், ஆனால், உதிர்ந்துபோனது எது? 'களப்பு' அன்றோ! கடலோடு தொடர்புடைய ஆழங்குறைந்த நீர்ப்பரப்பே களப்பு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியைச் சுட்டுஞ் சொல் அது. 'மட்டு' என்று மாத்திரமே கேட்டு வளரும் பிள்ளை, தன் ஊர்ப்பெயரில் நீர் இருந்ததை எவ்வாறு அறியும்?

கடித உறையில் 'மட்டு' என்றே எழுதுவோம். வீட்டிலே பிள்ளைகளுக்கு முழுப்பெயரையும் அதன் பொருளையுஞ் சொல்லி வைப்போம். குற்றியலுகரங் குறுகினும் அதன்பால் அரை மாத்திரை எஞ்சி நிற்கிறது. பொருளும் அவ்வாறு எஞ்சி நிற்கும் வரையிலேயே குறுக்கம் சுவை தரும்.