பெரிய பிக்கப்பும் சின்ன வீதியும்

கறுவா விடயமாக 2024 மே மாதம் ரொட்டர்டாம் போயிருந்தேன். என்னை ஏற்ற வந்தவர் என் தங்கையின் மகன். ஆளைக் காணமுன் வாகனத்தைத்தான் கண்டேன். அமெரிக்க ரேம் 1500 பிக்கப். 5.7 லீற்றர், எட்டு சிலிண்டர் எஞ்சின். நீளம் ஏறத்தாழ 5.9 மீற்றர். அகலம் இரண்டு மீற்றருக்கு மேல். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரை மீற்றர்.

மருமகன் வீடுகளுக்கு டைல் பதிப்பவர். "டைல் பெட்டி ஏற்ற இது எதற்கு மகன்?" என்றேன்.

"மாமா, நான் வாங்கியது வாகனமில்லை, வரிச்சலுகை" என்றார்.

விடயம் இதுதான். நெதர்லாந்தில் வாகனத்தை முதன்முதலில் பதியும்போது பீ.பி.எம். என்றொரு வரி உண்டு. காருக்கு அதைப் புகையின் அளவுப்படி அறவிடுவார்கள். ஆனால் சரக்குத் தட்டுள்ள வாகனத்தைத் தொழில் செய்பவர் தன் தொழிலுக்கெனப் பதிந்தால் அப்போது அந்த வரி இருக்கவில்லை. அதனால் பெரிய எஞ்சின் பிக்கப் அங்குள்ள வியாபாரிகளுக்குக் கட்டுப்படியாகியது. 2022இல் மருமகனும் ஒன்றை எடுத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்கு என்னையும் கூட்டிப் போனார். லெக் ஆற்றின் அணைக்கட்டு மேலால் போகும் பாதை. இருபுறமும் சரிவு, நடைபாதை கிடையாது, சைக்கிள்களோ எக்கச்சக்கம். எதிரே டிரக்டர் வந்தால் ஒருவர் நின்றே ஆகவேண்டும். அப்படி ஓரிடத்தில் நின்றபோது பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் எங்கள் முன்னால் குறுக்கே போனாள். பொனட் உயரத்தில் பிள்ளை மறைந்துவிட்டாள். மறுபக்கம் வெளிப்பட்ட பிறகுதான் கண்டோம். மருமகனின் கை நடுங்கியது. நானும் வாயடைத்துப் போனேன்.

டெல்ஃப்ட் நகரில் வாடிக்கையாளரின் வீடு வாய்க்கால் ஓரம். கண்ணாடியை மடித்தும் அந்தச் சந்தியில் வாகனம் திரும்பவில்லை. வெளியே நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனோம். வேலை தொடங்கப் பதினொரு மணி. பக்கத்து வீட்டுக்கு வந்த குழாய் வேலைக்காரர் சின்ன வேனை வாசலிலேயே நிறுத்தி வேலையை முடித்துக்கொண்டு போயும்விட்டார்! டைல் பெட்டியைச் சுமந்த கூலியை எந்த பில்லில் போடுவது?

ஜெர்மனியிலும் அடிபட்டிருக்கிறார். அங்கே நெடுஞ்சாலையில் திருத்தவேலை நடந்தால் இடதுபக்க ஒழுங்கைக்கு 2.1 மீற்றர் என்று அறிவிப்புப் பலகை வைப்பதுண்டு. பதிவுப் புத்தகத்தில் இருப்பது கண்ணாடி சேராத அகலம். பலகை சொல்வதோ கண்ணாடியும் சேர்ந்தது. இது தெரியாமல் போய் தண்டம் கட்டியிருக்கிறார். பாரிஸ் நகரமோ 2024 ஒக்டோபர் 1 முதல், வெளியூரிலிருந்து வரும் பாரமான கார்களுக்குத் தரிப்புக் கட்டணத்தை மும்மடங்காக்கி, மத்திய பகுதியில் மணிக்கு 18 யூரோ என்று வைத்தது.

சலுகையும் நிலைக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் தொழில் வாகனத்திற்கும் புகையின் அளவுப்படி வரி வந்தது. அந்த ஆண்டு வீதம் கிராமுக்கு 66.91 யூரோ. கிலோமீற்றருக்கு 300 கிராம் விடும் வாகனமென்றால் இருபதாயிரம் யூரோவுக்கு மேல்! வரி வருமுன் இன்னொன்று எடுத்து வைப்போமா என்று 2024 டிசம்பரில் என்னிடம் கேட்டார். டெல்ஃப்டில் எத்தனை வாடிக்கையாளர் என்று திருப்பிக் கேட்டேன். பாதிக்கு மேல் அங்கேதான் என்றார்.

ரேமை விற்றுவிட்டுப் பழைய சிறிய வேன் ஒன்று எடுத்திருக்கிறார். முதல் நாள் வேலை முடிந்து கோல் எடுத்தார்: "மாமா, கண்ணாடி மடிக்காமலே வாசலில் நிறுத்தினேன்."