கேஸ் சிலிண்டர் விலை எங்கே முடிவாகிறது?

மாதம் பிறந்தால் தவறாமல் வரும் செய்தி, 'சிலிண்டர் விலை மாற்றம்'. பதறிப்போய்ப் படித்தால், பெரும்பாலும் அது ஓட்டல், டீக்கடைகளுக்கான 19 கிலோ வணிக சிலிண்டராக இருக்கும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் விலை அப்படியே நிற்கும். உள்ளே இருப்பது ஒரே கேஸ்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

அளவுகோல் சவுதியில்

எல்.பி.ஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. நம் நாட்டின் தேவையில் சுமார் 60 சதவிகிதம் இறக்குமதிதான். பல ஆண்டுகளாக அதில் பெரும்பகுதியைத் தருபவை வளைகுடா நாடுகள். சவுதி அராம்கோ நிறுவனம் மாதம் ஒருமுறை ஒரு விலையை அறிவிக்கும். அதை வைத்துத்தான் இங்கே கணக்குப் போடுகிறார்கள்.

2020 ஏப்ரலில், கொரோனாவால் உலகமே முடங்கிக் கிடந்தபோது ஒரு டன் புரொப்பேன் 230 டாலர். உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 ஏப்ரலில் 940 டாலர். இரண்டே வருடங்களில் நான்கு மடங்கு!

இதோடு கப்பல் வாடகையும் காப்பீடும் சேரும். எல்லாமே டாலரில் என்பதால், ரூபாய் மதிப்பு சரிந்தால் சவுதியில் விலை ஏறாமலே இங்கே செலவு ஏறிவிடும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க கேஸ் அதிகம் தேவைப்படும் பனிக்காலத்தில் சந்தையும் சூடாவது வழக்கம்.

வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு

வணிக சிலிண்டர் இந்த ஏற்ற இறக்கத்தோடு மாதாமாதம் ஓடுகிறது. அதற்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவிகிதம்தான். அதன் விலையில் அரசின் கையும் இருக்கிறது.

சென்னையில் 2020 மே மாதம் 569.50 ரூபாயாக இருந்த வீட்டு சிலிண்டர், 2022 ஜூலையில் 1,068.50 ரூபாய் ஆனது. நமக்கு அதுவே பெரிய அடி. ஆனாலும் உலகச் சந்தை ஏறிய அளவுக்கு இது ஏறவில்லை. மீதியை எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டமாகச் சுமந்தன. அதை ஈடுகட்ட மத்திய அரசு 2022 அக்டோபரில் 22,000 கோடி ரூபாயும், அடுத்து சேர்ந்த நஷ்டத்துக்காக 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. அதுவும் நம் வரிப்பணம்தான்!

ஏறும்போது கிடைக்கும் இந்தப் பாதுகாப்புக்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஜூலையில் புரொப்பேன் விலை 400 டாலருக்கு இறங்கியது. சென்னையில் அப்போதும் நாம் கொடுத்தது 1,118.50 ரூபாய். ஆகஸ்ட் கடைசியில்தான் 200 ரூபாய் குறைந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய 2024 மார்ச்சில் இன்னொரு 100 ரூபாய் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.

பட்ஜெட் போடும்போது...

நம் சிலிண்டர் விலை மாறாத மாதத்திலும் கேஸ் செலவு வேறு வழியில் வீட்டுக்குள் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் மெஸ் பில், ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் டிபன், விசேஷத்துக்கான சமையல் கான்ட்ராக்ட் எல்லாம் வணிக சிலிண்டரை நம்பியவை. ஆகவே, மாதத்தின் முதல் தேதியில் வரும் அந்த அறிவிப்பை 'நமக்கில்லை' என்று தள்ளிவிடாதீர்கள். வளைகாப்போ, காதுகுத்தோ வைத்திருந்தால், கேட்டரிங்காரரிடம் ரேட் பேசும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!