பூனையைத் துரத்தும் நாய்

சீனன்குடா, வெள்ளைமணல், நாச்சிக்குடா என்று இந்தப் பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் பூனை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. துறைமுகத்தை அண்டிய ஊர்கள் இவை. மீனும் அரிசியும் மாவும் வந்து போகும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை; எலி உள்ள இடத்தில் பூனைக்கும் பஞ்சமில்லை. மீன் வெட்டும் சத்தம் கேட்டால் போதும், நாலு வீட்டுப் பூனையும் குசினி வாசலில் வந்து குந்திவிடும். உம்மாமார் ஏசுவார்கள், ஏசிக்கொண்டே மீன் தலையையும் வீசுவார்கள். பூனைக்குட்டி மீது கொண்ட பிரியத்தால் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்பது நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திதான்.

அதே தெருக்களில் நாய்களும் உண்டு. தமிழ், சிங்கள அயலவர் வீடுகளில் அவை செல்லமாக வளர்கின்றன. நம்மவர்களிடமும் மாட்டுப்பட்டி, தோட்டம், வயல், கடைக் களஞ்சியம் ஆகியவற்றின் காவலுக்கு நாய் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் காடு மண்டிக் கிடந்த ஊர் இது. காட்டோரத்து வளவுக்குக் காவல் நாய் ஆடம்பரமல்ல. காவல், வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்திலும் அனுமதி உண்டு.

தொல்லை எங்கே வருகிறதென்றால், இந்த இரண்டும் ஒரே வேலிக்கு இரு பக்கமும் இருக்கும்போதுதான். ஒரு நாள் பின்னேரம் வேலிக்குள்ளால் நாய் பாய்கிறது. பிள்ளை பால் ஊற்றி வளர்த்த பூனை முற்றத்தில் கிடக்கிறது. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. பெருநாளைக்கு வட்டிலாப்பமும் பொங்கலுக்குப் புக்கையும் வேலிக்கு மேலால் கைமாறிய வீடுகளாக இருக்கும் அவை. மூன்று இனத்தாரும் கலந்து வாழும் இடத்தில் இப்படிப்பட்ட சின்ன விஷயத்துக்குப் பெரிய பெயர் வைத்துவிடுவது மிகவும் எளிது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். நாய்க்குப் பூனை மீது பகை இல்லை. ஓடுகின்ற சிறு பிராணியைத் துரத்துவது அதன் இரத்தத்தில் ஊறியது. அமெரிக்க ஆய்வாளர் றேமண்ட் கொப்பிங்கர் இதை ஒரு சங்கிலிபோல் விளக்கினார்: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுதாக இருக்கிறது. மனிதன் வளர்த்த நாய் இனங்களில் சில கண்ணிகள் தேய்ந்தும் சில தடித்தும் போயின. ஆடு மேய்க்கும் நாய் துரத்துவதோடு நின்றுவிடும். எலி பிடிக்க வளர்த்த இனம் கவ்வி உதறிவிடும். நம் ஊர் நாயிடம் எந்தக் கண்ணி எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திருகோணமலை நகரில் உலாவும் மான்களைத் தெருநாய்கள் விரட்டுவதும் இதே குணத்தால்தான்.

பசியினால் துரத்துகிறது என்பார்கள். அதுவும் சரியல்ல. வயிறு நிறைந்த நாயும் துரத்தும். விதை எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நாய் ஊர் சுற்றுவது அதனால் குறையும், குட்டிகள் பெருகுவதும் நிற்கும். துரத்தும் குணம் அப்படியே இருக்கும். தன் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுத்துறங்கும் நாய், அடுத்த வீட்டுப் பூனையைக் கண்டதும் பாய்வதையும் பார்க்கிறோம். வீட்டுப் பூனை அதற்கு வீட்டு ஆள். மற்றது ஓடும் பொருள். 2008-ல் வெளியான டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பூனைக்கு ஆறு மாதமும் நாய்க்கு ஒரு வயதும் ஆகுமுன் ஒன்றோடொன்று பழகினால் இணக்கம் கூடுதல் என்று கண்டார்கள். வளர்ந்த நாயிடம் அந்தக் காலம் கடந்துவிட்டது. அதற்குப் பயிற்சிதான் வழி.

இந்த இடத்தில் நம் பிக்ஹு நூல்களில் உள்ள ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்தது ஹலால் என்பதை சூரா மாயிதாவின் 4-ம் வசனத்திலிருந்து எடுக்கிறார்கள். எது பயிற்றுவிக்கப்பட்டது என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் நிபந்தனை வைத்தார்கள். ஏவினால் போக வேண்டும். அதட்டினால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னக் கூடாது. இவை ஒரு தடவை தற்செயலாக நடந்தால் போதாது, திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும். நாய் வளர்ப்பவர் இந்த இரண்டாவது நிபந்தனையை மனதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதட்டினால் நிற்காத நாய் பயிற்சி பெற்ற நாய் அல்ல, அது எந்த உயர்ந்த சாதி நாயாக இருந்தாலும்.

அப்படி நிற்கப் பழக்குவது எப்படி? பாய்ந்த பிறகு கத்திப் பயனில்லை. அப்போது அதன் காது கேட்காது. பாயுமுன் ஒரு கணம் இருக்கிறது. உடல் விறைக்கும். காது முன்னே வரும். வாய் மூடிக்கொள்ளும். வால் உயர்ந்து அசையாமல் நிற்கும். பார்வை பூனையை விட்டு அகலாது. அந்தக் கணத்துக்கும் முன்னே நாம் குறுக்கிட வேண்டும்.

நாயைக் கழுத்துப்பட்டியும் பலமான கயிறும் போட்டுப் பிடித்துக்கொண்டு, பூனை கண்ணுக்குத் தெரியும் ஆனால் நாய் பதறாத தூரத்தில் நிற்பாட்டுங்கள். ஐம்பது அடியாகலாம், நூறடியாகலாம். நாய் பூனையைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு அவித்த ஈரலோ கோழியோ கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு கூடுதல். கையிலிருந்துதான் ஊட்ட வேண்டும் என்றில்லை. காலடியில் போட்டாலும் பாடம் அதேதான். உமிழ்நீர் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு இது வசதி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நிமிடம் போதும். பூனையைக் கண்டால் எசமானைப் பார்க்க வேண்டும் என்பது நாயின் மனதில் ஊறிய பிறகே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். இதற்கு வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள். இடையில் ஒரு தடவை அவிழ்ந்து ஓடித் துரத்திவிட்டால் பழைய ருசி திரும்பிவிடும். ஆகவே பயிற்சி நடக்கும் காலத்தில் கயிறில்லாமல் வெளியே விடவே கூடாது.

அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையைக் கண்டபோதெல்லாம் முதுகில் அடி விழுந்தால், அடி பூனையால் வந்தது என்றுதான் நாய் விளங்கிக்கொள்ளும். அடுத்த தடவை உறுமாமல் நேரே கடிக்கும். இரவும் பகலும் குறுகிய சங்கிலியில் கட்டிப் போடுவதும் இதே பலனைத்தான் தரும். இரண்டு மரத்துக்கிடையில் கம்பி இழுத்து, அதில் சங்கிலி ஓடும்படி கட்டினால் நாய்க்கு நடமாட இடம் கிடைக்கும். அதிகாலையில் ஒரு நடையும் வேண்டும். ஏற்கெனவே பூனையைக் கொன்று பழகிய நாயின் விஷயம் வேறு. அதைப் பயிற்சியை மட்டும் நம்பி விட முடியாது. வேலி உயர வேண்டும், அடியில் தோண்ட முடியாதபடி கல் பதிக்க வேண்டும், றோட்டில் இறங்கும்போது மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடு போன்ற வாய்ப்பூட்டு போட வேண்டும். அதன் ஆயுள் முழுக்க இப்படித்தான்.

பூனைக்காரருக்கும் வேலை இருக்கிறது. மீன் கழிவை வேலியோரத்தில் கொட்டாதீர்கள். நாயையும் பூனையையும் ஒரே இடத்துக்கு அழைப்பது அந்த மணம்தான். பூனையின் தட்டை வீட்டுக்குள் வையுங்கள். முற்றத்தில் ஏறிக்கொள்ள ஒரு மரமோ உயரத்தில் ஒரு பலகையோ இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: நாயின் வாயிலிருந்து பூனையை இழுக்கக் கை நீட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றலாம், தடித்த சாக்கை மேலே போடலாம். அதுவும் பெரியவர்களின் வேலை.

கடிபட்ட பூனைக்கு வெளியே தெரிவது இரண்டு சிறு துளையாக இருக்கும். நாய் கவ்வி உதறியதால் உள்ளே தசை கிழிந்திருக்கும். மஞ்சள் பூசிவிட்டுக் காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். துணியால் சுற்றித் தூக்குங்கள். வலியில் அதுவும் கடிக்கும், பிறாண்டும். யாருக்காவது கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதுவரை பூனைகளைச் சட்டை செய்யாத நாய் திடீரென்று கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கினால் பயிற்சியைப் பற்றி யோசிக்காதீர்கள். அது விசர் நோயாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். நம் நாட்டில் விசர் நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893-லேயே வந்தது. இருந்தும் தடுப்பூசி போடாத நாய்களும் பூனைகளும் இன்னும் ஏராளம். பூனைக்கும் அந்த ஊசி வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதே இல்லை.

இனி, நஞ்சு. கோபத்தில் மீன் துண்டில் பூச்சிமருந்து தடவி வேலிக்கு அப்பால் வீசுபவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அந்தத் துண்டை நாய்தான் தின்னும் என்று யார் சொன்னது? பூனை தின்னலாம், ஆடு தின்னலாம், தவழும் பிள்ளையின் கைக்கும் போகலாம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் நபி (ஸல்) அவர்கள் வாயிலாக அறிந்தவர்கள் நாம். தெருநாய்களைக் கொல்லும் பழைய முறையை அரசாங்கமே 2006-ல் கைவிட்டது. ஆகவே, பிடித்துக்கொண்டு போய்க் கொல்லச் சொல்லி உள்ளூராட்சிக் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதுவதிலும் பயனில்லை.

மிஞ்சியிருப்பது கதைப்பதுதான். பூனை செத்த அன்று போகாதீர்கள். அன்று வாயில் வருவது வேறு. நாய் முதல் தடவை துரத்திய அன்றே போங்கள். "அக்கா, உங்கட நாய் எங்கட பூனைக்குப் பாயுது. பிள்ளைகள் முற்றத்தில நிக்கிற நேரம் பயமாயிருக்கு. எத்தனை மணிக்கு அவிழ்த்து விடுறீங்க?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நேரத்தைக் கேட்பதில் ஒரு காரணம் உண்டு. பூனை அதிகம் உலாவுவது விடியும்போதும் அந்தியிலும். ஸுபஹுக்கும் மஃரிபுக்கும் பாங்கு சொல்லும் அதே நேரங்கள். காவல் நாய் தேவைப்படுவது இரவில். ஆகவே இஷாவுக்குப் பிறகு அவர்கள் நாயை அவிழ்க்கட்டும். அதற்கு முன் நீங்கள் பூனையை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். வேலியில் ஓட்டை இருந்தால் கம்பிவலைக்கான செலவை இரு வீடும் பாதி பாதியாகப் போடலாம். காலையில் சங்கிலிச் சத்தம் கேட்ட பிறகு பூனைக்குக் கதவைத் திறந்து விடுங்கள்.